ஃப்ரெண்ட்ஸ் வந்து சும்மா திராட்சை பறிச்சுக் குடுத்தா தப்பா?

கலிபோர்னியா லோடிலருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல. கடிதம் பெருசு, சுருக்கி போடறேன்:

"வணக்கம் மேடம். சொந்த ஊர் கம்பம் பக்கம், அப்பா பன்னீர் திராட்சை போட்டவர். இங்க ஐடில இருபது வருஷம் ஓடிருச்சு. மூணு வருஷம் முன்னாடி லோடில 11 ஏக்கர் பழைய ஜின்ஃபண்டல் (ஒயின் திராட்சை ரகம்) தோட்டமும் கூடவே ஒயின் தயாரிக்கற ஒரு சின்ன ஒயினரியும் எல்எல்சி, அதாவது ஒரு கம்பெனி பேர்ல வாங்கினோம். ஒயினரிக்குள்ள ஒரு ஆள், வர்றவங்களுக்கு ஒயின் ஊத்திக் குடுக்கற டேஸ்டிங் ரூம்ல சனி ஞாயிறு ரெண்டு பேர், அவங்களோட என் மனைவி. அறுவடைக்கு ஒரு காண்ட்ராக்டர் எட்டு பேரைக் கூட்டிட்டு வருவார், பழம் நிரப்பற பெட்டி, அதான் 'பின்', ஒண்ணுக்கு இவ்வளவுன்னு பேசி செக்கை அவர் கைல குடுத்துருவேன். போன வருஷம் அதுபோக தமிழ் ஃப்ரெண்ட்ஸ் முப்பது பேர் குடும்பத்தோட வந்து ஒரு நாள் முழுக்க பறிச்சாங்க, பிரியாணி போட்டு ஆளுக்கு ரெண்டு பாட்டில் குடுத்து அனுப்பினோம். பொங்கலுக்கு வந்த மாமனார்தான் கவாத்து பண்ணார். இப்ப பக்கத்து தோட்டக்காரர் இதெல்லாம் வெளிய சொல்லாதேன்னு பயமுறுத்தறார். இன்னொருத்தர் 25 பேருக்குக் கீழ ஆள் இருந்தா ஓவர்டைம் கீவர்டைம் எதுவும் கிடையாதுங்கறார். யார் சொல்றது சரி?"

வணக்கம் சார். ரெண்டு பேர் சொன்னதும் அரைகுறைதான், ஆனா பக்கத்து தோட்டக்காரர் பயப்படறதுல நியாயம் இருக்கு. வெளிய சொல்லாம இருந்தா சரியாயிரும்னு அவர் நினைக்கறார் பாருங்க, அங்கதான் தப்பு. முப்பது பேர் வந்த அன்னிக்கே முப்பது பேரும் ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டிருப்பாங்க, வாட்ஸாப் க்ரூப்ல "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துருங்க, கையுறை கொண்டு வாங்க"ன்னு நீங்களே மெசேஜ் போட்டிருப்பீங்க. லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா அந்த ஒரு மெசேஜ் போதும், எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க யார் சொல்லி வேலை நடந்துச்சுன்னு எல்லாமே அதுல இருக்கு.

முதல்ல இந்த ஃப்ரெண்ட்ஸ் விஷயத்தையே பேசிருவோம், ஏன்னா நம்ம ஆளுங்க தோட்டம் வாங்கினா எல்லாரும் விழற குழி இதுதான். ஊர்ல ஒருத்தர் தோட்டத்துக்கு இன்னொருத்தர் போய் கை குடுக்கறது, பதிலுக்கு அவங்க வர்றது, அதுல காசு பேசினாத்தான் கோவம் வரும். எனக்கும் அது தெரியும், நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஆனா கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்துல லாபத்துக்கு நடக்கற ஒரு தொழிலுக்கு "வாலன்டியர்"னு ஒரு ரகமே கிடையாது. கோயில், தர்ம ஸ்தாபனம்னா சரி. நீங்க பழத்தைப் பறிச்சு ஒயினாக்கி 32 டாலருக்கோ 40 டாலருக்கோ விக்கறீங்க, அந்தப் பழத்தை உங்க தோட்டத்துல உங்க கத்தரியால நீங்க சொன்ன வரிசைல ஒருத்தர் பறிச்சா அவர் உங்க வேலையாள். அவர் மனசார வந்தாரா, சிரிச்சுக்கிட்டே பறிச்சாரா, காசே வேணாம்னு எழுதிக் குடுத்தாரா, எதுவும் கணக்குல வராது, ஏன்னா குறைஞ்சபட்ச கூலியை வேண்டாம்னு விட்டுக்குடுக்கற உரிமை தொழிலாளிக்கே கிடையாது. பிரியாணியும் ரெண்டு பாட்டிலும் கூலி ஆகாது.

2014ல கேஸ்ட்ரோ வேலில நடந்தது உங்க பக்கத்து தோட்டக்காரருக்கு ஞாபகம் இருக்கும், அதான் நடுங்கறார். ஒரு கணவன் மனைவி நடத்தின குட்டி ஒயினரி, வருஷம் பதினோராயிரம் டாலர் அளவுக்குத்தான் மிஞ்சும்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. ஒயின் மேல ஆசைப்பட்டு கத்துக்கலாம்னு வந்தவங்க காசு வாங்காம உதவி செஞ்சாங்க, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ற மனநிலைல இல்ல. மாநிலம் வந்து பாத்துட்டு குடுக்காத கூலி, அபராதம் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 1,15,000 டாலர் போட்டுச்சு. கடையை மூடிட்டாங்க. பேப்பர்ல வந்தப்ப பலபேர் மாநிலத்தைத் திட்டினாங்க, எனக்கும் அந்த தம்பதி மேல பரிதாபம்தான், ஆனா சட்டம் ஏன் அப்படி இருக்குன்னும் புரியுது. சும்மா பறிக்க ஆள் கிடைச்சா காசுக்குப் பறிக்கறவனை யாரு கூப்பிடுவா?

கூலியை விட எனக்கு பெரிய பயம் வேற. அந்த முப்பது பேர்ல ஒருத்தர் கத்தரில விரலை வெட்டிக்கிட்டிருந்தா, இல்ல யாரோட பையனோ டிராக்டர் பின்னாடி ஓடியிருந்தா? கலிபோர்னியால ஒரே ஒரு ஆள் வச்சிருந்தாக்கூட வேலைல அடிபட்டா செலவு குடுக்கற வொர்க்கர்ஸ் காம்ப் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாம நடத்தினா அது கிரிமினல் குத்தம், குறைஞ்சது 10,000 டாலர் அபராதம், கவுண்டி ஜெயில் ஒரு வருஷம் வரைக்கும் போகலாம். உங்க பாலிசி நீங்க எழுதிக் குடுத்த ஆளுங்க சம்பளக் கணக்கை வச்சு போட்டது, அன்னிக்கு தோட்டத்துல நின்ன முப்பது பேரைப் பத்தி இன்ஷூரன்ஸ்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. விரல் போனது உங்க உயிர் நண்பரா இருந்தாலும் ஆஸ்பத்திரி பில் பத்தி அவரோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி "எங்க வச்சு அடிபட்டது, வேலை நேரத்துலயா"ன்னு கேட்கும். அவர் பொய் சொல்லணும், இல்ல உங்களை மாட்டிவிடணும்.

அடுத்தது மாமனார். விவசாயக் கூலிக்கான மாநில விதி, வேஜ் ஆர்டர் 14ல குடும்பத்துக்கு ஒரு விலக்கு இருக்கு, முதலாளியோட அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க, தத்துப் பிள்ளைங்க. அவ்வளவுதான். மச்சான், சித்தப்பா, தம்பி, மாமனார் யாரும் அதுல இல்ல, நம்ம உறவு முறையெல்லாம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோக்கு தெரியாது. மாமனார் உங்க மனைவிக்கு அப்பாதானேன்னு வாதாடலாம், ஆனா முதலாளி நீங்களும் இல்ல அவங்களும் இல்ல, எல்எல்சி. கம்பெனிக்கு ஏது அப்பா அம்மா? அதனால அந்த விலக்கையே நம்பாதீங்க. அதுக்கும் மேல அவர் விசிட்டர் விசால வந்தவரா இருந்தா வேலைன்னு சொல்லக்கூடிய எதையும் செய்யக்கூடாது, நாளைக்கு அவர் மறுபடி வரும்போது ஏர்போர்ட்ல "போன தடவை என்ன பண்ணீங்க"ன்னு கேட்டா பெருமையா "மாப்பிள்ளை தோட்டத்துல கவாத்து பண்ணேன்"னு சொல்லிருவார் பாவம். அதை ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, அது என் ஏரியா இல்ல. (பந்தல் திராட்சை கவாத்து பண்ண கை, பந்தலே இல்லாம குத்துச்செடி மாதிரி நிக்கற பழைய ஜின்ஃபண்டலை என்ன பண்ணிச்சுன்னு பாக்க எனக்கு ஆசையா இருக்கு, அது வேற கதை.)

இப்ப அந்த 25 பேர் கணக்கு. உங்களுக்கு சொன்னவர் பொய் சொல்லல, பழைய கதை சொல்றார். 1938ல அமெரிக்காவோட கூலிச் சட்டம் வந்தப்ப விவசாயக் கூலிகளை ஓவர்டைம்லருந்து வெளிய வச்சிட்டாங்க, கலிபோர்னியால ரொம்ப காலம் ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் தாண்டினாத்தான் ஓவர்டைம். 2016ல ஏபி 1066னு ஒரு சட்டம் வந்து அதை கொஞ்சம் கொஞ்சமா இறக்குச்சு. பெரிய தோட்டங்களுக்கு 2019ல ஆரம்பிச்சு 2022ல எட்டு மணி நேரத்துக்கு வந்துருச்சு, 25 பேர் வரைக்கும் வச்சிருக்கற சின்ன முதலாளிகளுக்கு மூணு வருஷம் தள்ளி குடுத்தாங்க. அந்த தவணையும் 2025 ஜனவரி 1ஓட முடிஞ்சுது. இப்ப உங்களுக்கும் ஆயிரம் ஏக்கர்காரனுக்கும் ஒரே கணக்கு, நாளைக்கு 8 மணி நேரம் இல்ல வாரத்துக்கு 40 தாண்டினா ஒன்றரை மடங்கு, ஒரே நாள்ல 12 தாண்டினா ரெண்டு மடங்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு மதியம் வரைக்கும் பறிக்கற நாள்ல இது சுலபமா தாண்டும்.

சின்னவங்கன்ற சலுகை உங்களுக்கு இன்னும் இருக்கற இடம் ஒண்ணு உண்டு. காண்ட்ராக்டர் கூலி குடுக்கலைன்னா ஆளை வேலைக்கு எடுத்துக்கிட்ட கம்பெனியும் சேர்ந்து பொறுப்புன்னு ஒரு சட்டப்பிரிவு இருக்கு, அதுல மொத்தமே 25 பேருக்குக் கீழ இருக்கற தொழில் வராது. ஆனா குதிக்காதீங்க, விவசாயத்துக்கு தனி சட்டம் இருக்கு. ஃபார்ம் லேபர் காண்ட்ராக்டர்னா அவர்கிட்ட லேபர் கமிஷனர் குடுத்த மாநில லைசென்ஸ் இருக்கணும், ஃபெடரல் தொழிலாளர் துறை சர்டிபிகேட்டும் இருக்கணும், மாநில லைசென்ஸுக்கு குறைஞ்சது 25,000 டாலர் ஜாமீன் பாண்ட் கட்டியிருக்கணும். லைசென்ஸ் இருக்கான்னு பாக்க வேண்டிய கடமை தோட்டக்காரரோடது, பாக்காம விட்டீங்கன்னா அவர் ஏமாத்தின கூலிக்கு தொழிலாளிங்க நேரா உங்க மேல கேஸ் போடலாம். லைசென்ஸ் நம்பரை லேபர் கமிஷனர் சைட்ல அடிச்சுப் பாத்து ஒரு காப்பி ஃபைல்ல வைங்க, அஞ்சு நிமிஷ வேலை. போன வருஷம் நான் பாத்த ஒரு தோட்டத்துல "அவர் பதினஞ்சு வருஷமா வர்றார் மேடம், நல்ல மனுஷன்"னு சொன்னாங்க, நல்ல மனுஷன்தான், லைசென்ஸ் காலாவதியாகி ரெண்டு சீசன் ஆயிருந்துச்சு.

பின் கணக்குல காசு, அதாவது பீஸ் ரேட், தப்பே இல்ல. ஆனா செக்கை அவர் கைல குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2016லருந்து பீஸ் ரேட்ல வேலை செய்யறவங்களுக்கு ஓய்வு நேரத்துக்கு தனியா காசு குடுக்கணும், பின் காசுக்குள்ளயே அதுவும் அடங்கிருச்சுன்னு சொல்ல முடியாது. கணக்கு இப்படி: ஒருத்தர் அஞ்சு நாள் எட்டு எட்டு மணி நேரம், 40 மணி நேரம் வேலை, தினம் ரெண்டு தடவை பத்து நிமிஷ ஓய்வு, ஆக 100 நிமிஷம். பின் கணக்குல அவருக்கு வந்தது 920 டாலர்னு வைங்க. 40 மணியில 100 நிமிஷத்தைக் கழிச்சா 38.33 மணி, 920ஐ அதால வகுத்தா மணிக்கு 24 டாலர். அந்த 24தான் ஓய்வுக்கும் ரேட், 100 நிமிஷத்துக்கு 40 டாலர் ஆச்சு, மொத்தம் 960 குடுக்கணும். அந்த சராசரி மாநில குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ போனா (2026ல மணிக்கு 16.90 டாலர்) அந்த கூலிதான் ரேட். பே ஸ்லிப்புல ஓய்வு எத்தனை நேரம், என்ன ரேட், எவ்வளவு காசுன்னு தனி வரியா இருக்கணும். பின் வர லேட்டாகி சும்மா நிக்கற நேரம், பாதுகாப்பு பத்தி காலைல பேசற நேரம், வரிசை மாத்த நடக்கற நேரம், இதுக்கும் மணிக்கணக்குல தனியா உண்டு.

40 டாலர்தானேன்னு தோணும். எட்டு பேர், ஆறு வாரம், மூணு வருஷம்னு பெருக்குங்க, அதுக்கு மேல பே ஸ்லிப் தப்புக்கு தனி அபராதம். காண்ட்ராக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "போன சீசன் பே ஸ்லிப் ஒண்ணு, பேரை மறைச்சுட்டு காட்டுங்க"ன்னு. நல்லா நடத்தறவர் உடனே காட்டுவார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அமிகோ"ன்னா வேற ஆளைத் தேடுங்க.

வெயில் பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட கேட்கல, ஆனா எனக்கு லோடின்னாலே முதல்ல ஞாபகம் வர்றது அதுதான். 2008 மே மாசம், உங்க தோட்டத்துலருந்து அரை மணி முக்கா மணி டிரைவ்ல இருக்கற ஃபார்மிங்டன்ல ஒரு ஒயின் திராட்சை தோட்டத்துல மெக்சிகோலருந்து வந்த 17 வயசு பொண்ணு சுருண்டு விழுந்துச்சு, ரெண்டு நாள்ல செத்துப்போச்சு, ரெண்டு மாச கர்ப்பம். அன்னிக்கு வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (35 செல்சியஸ்) மேல, தண்ணி இருந்த இடத்துக்கு நடந்து போக பத்து நிமிஷம். வேலைக்கு வச்சிருந்தது காண்ட்ராக்டர். 2005லயே மாநிலத்துல வெயில் விதி வந்துருச்சு, காகிதத்துல எல்லாம் இருந்துச்சு, வரிசைக்குப் பக்கத்துல தண்ணி இல்ல அவ்வளவுதான்.

அதனால இதை மட்டும் காண்ட்ராக்டர் தலைல போட்டுட்டு இருக்காதீங்க, தோட்டம் உங்களோடது. ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட் தண்ணி, கிட்டத்தட்ட ஒரு லிட்டர், எட்டு பேருக்கு எட்டு மணி நேரம்னா 64 குவார்ட், 16 கேலன். 80 டிகிரி தாண்டினா ஓய்வுல இருக்கற எல்லாரும் உக்காரற அளவு நிழல் போட்டிருக்கணும், கொடி நிழல் நிழல்ல சேராதுன்னு வச்சுக்கோங்க, ஒரு கேனோபி வாங்கிப் போடுங்க. 95 ஆனா விவசாயத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் கட்டாய ஓய்வு, அதுவும் மேல சொன்ன கணக்குல காசோட. புதுசா வர்ற ஆளை முதல் 14 நாள் கண்ணுல வச்சுக்கணும், அந்த பொண்ணுக்கு அது மூணாவது நாள் வேலை. வெயில் திட்டம் எழுத்துல இருக்கணும், இங்கிலீஷ்லயும் ஆளுங்களுக்குப் புரியற மொழிலயும், உங்க கேஸ்ல ஸ்பானிஷ். வெயிலுக்குப் பயந்து ராத்திரி பறிச்சா வெளிச்சத்துக்கும் பளிச்னு தெரியற வெஸ்ட்டுக்கும் 2020லருந்து தனி விதி இருக்கு, செல்ஃபோன் டார்ச்செல்லாம் ஆகாது. காட்டுத்தீ புகைக்கும் விதி உண்டு, காத்துத்தர எண் 151 வந்தா என்95 மாஸ்க் குடுக்கணும். அறுவடை மாசமும் தீ மாசமும் ஒண்ணா வர்ற ஊர் இது.

ஒயினரிக்குள்ள இருக்கற ஆளைப் பத்தி: அவருக்கு வெயில் இல்ல, கார்பன் டையாக்சைடு இருக்கு. நொதிக்கற டேங்க்ல அது காத்தை விட கனமா அடில தேங்கி நிக்கும், கண்ணுக்கு தெரியாது, வாசனை கிடையாது. உள்ள விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகறது ஒயின் தொழில்ல பழைய கதை. டேங்க்கை கழுவ ஆளை உள்ள இறக்கறதா இருந்தா கன்ஃபைண்ட் ஸ்பேஸ் (அடைபட்ட இடத்துல வேலை செய்யற) ட்ரெயினிங், வாயு மீட்டர், வெளிய ஒரு ஆள் இதெல்லாம் இல்லாம இறக்காதீங்க, ஒத்தை ஆள் வச்சிருக்கற உங்களுக்கு நான் சொல்றது இறக்கவே வேண்டாம், வெளிலருந்து கழுவற மாதிரி பண்ணிக்கோங்க. அவருக்கும் டேஸ்டிங் ரூம் ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் சம்பளத்தோட சிக் லீவ் உண்டு, பார்ட் டைம்னாலும் உண்டு.

டேஸ்டிங் ரூம் டிப்ஸ் ஜாடி, இது சின்ன விஷயம்தான் ஆனா வீட்டுக்குள்ள சண்டை வரும் பாருங்க. உங்க மனைவி ஓனர். நாள் முழுக்க அவங்களே நின்னு ஊத்தியிருந்தாலும் அந்த ஜாடிலருந்து ஒரு டாலர் எடுக்கக்கூடாது. டிப்ஸ் வருதேன்னு மத்தவங்க மணிக்கூலியைக் குறைக்கவும் இங்க முடியாது.

இனி என்ன பண்றது? போன வருஷம் முடிஞ்சதை நீங்களே ஃப்ரெண்ட்ஸுக்கு வென்மோ ஆப்ல காசு அனுப்பி சரிபண்ணக் கிளம்பிராதீங்க. வந்தவங்க பேர், எத்தனை மணிலருந்து எத்தனை மணி, வாட்ஸாப் மெசேஜ் எதையும் அழிக்காம எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஒரு எம்ப்ளாய்மென்ட் வக்கீலைப் பாருங்க, குறைஞ்சபட்ச கூலி கேட்டு மூணு நாலு வருஷம் வரைக்கும் வழக்கு வரலாம், முப்பது பேருக்கு ஒரு நாள் கூலியை முறையா குடுத்து முடிக்கறது உங்களால தாங்கக்கூடிய செலவுதான். இந்த வருஷம் அவங்க பறிச்சே ஆகணும்னா சம்பளப் பட்டியல்ல போட்டு ஒரு நாள் கூலியும் இன்ஷூரன்ஸும் கட்டி கூப்பிடுங்க, அப்ப பத்து பேர்தான் வருவாங்க, அதுவும் நல்லதுக்குத்தான். இல்லைன்னா விருந்தாளியா கூப்பிடுங்க, காண்ட்ராக்டர் ஆளுங்க பறிச்சு முடிச்ச மறுநாள் வந்து தோட்டத்தைச் சுத்திப் பாத்து பிரியாணி சாப்பிட்டு போகட்டும். உங்க வீட்டுல ரெண்டு பெரியவங்க இருக்கறதால வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு ஒயின் போட ஃபெடரல் சட்டம் விடுது, அதுக்குன்னு ஒரு வரிசை ஒதுக்கி, விக்கற ஒயின்ல ஒரு கொத்து கூட சேராம, ஒயினரி ஷெட்டுக்குள்ள கொண்டுபோகாம வீட்டுல வச்சு மிதிச்சு விளையாடட்டும்னா அது எனக்கு சரியாப்படுது. அதையும் அந்த வக்கீல்கிட்டயும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க, பிள்ளைங்க கைல மட்டும் கத்தரியைக் குடுக்காதீங்க.

பழத்தோட சர்க்கரை அளவு பிரிக்ஸ் 20 தொடறதுக்குள்ள காண்ட்ராக்டர் லைசென்ஸ் நம்பரும் அந்த பே ஸ்லிப்பும் உங்க கைல இருக்கணும். 24க்கு வந்து பறிக்கத் தயாரானப்புறம் வேற ஆள் தேடினா லோடில கிடைக்க மாட்டான்.